கம்பியில்லாச் சாதனங்களின் வேகமும் பாட்டரியின் ஆயுளும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

நிலத்துக்கும் வீட்டுக்கும் இடையே கம்பியில்லாமல் செய்தி கொண்டுபோகும் சாதனங்கள் இப்பொழுது நமது கிராமங்களில் சாதாரணமாய்ப் புழங்கத் தொடங்கிவிட்டன. பம்புசெட்டை வீட்டிலிருந்தபடியே ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர், வயலின் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் கருவி, களத்தைக் காக்கும் காமிரா, அடங்கல் வேலைக்குக் கிராம நிர்வாக அலுவலர் எடுத்துச் செல்லும் கைப்பேசி, கூட்டுறவுச் சங்கத்து மடிக்கணினி ஆகிய யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றை வாங்குகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "வேகமாய் வேலை செய்யுமா?" என்பது. சில மாதம் கழித்து அவர்களே கேட்கும் இரண்டாவது கேள்வி, "பாட்டரி ஏன் நிற்பதில்லை?" என்பது. இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பதையும், எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. நான் செய்த ஒரு தவறு

பிறர் அதே தவறைச் செய்யாதிருக்கும் பொருட்டு, என் அனுபவத்தில் நேர்ந்த ஒரு நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுவை நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாய் நீர் கட்டும் முறையை ஒரு மிராசுதாருடைய ஓர் ஏக்கரில் நடத்திக் காட்டினோம். இம்முறையில் வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, அதில் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும், வயலில் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி மறுபடியும் பாய்ச்சுவது வழக்கம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக்கூடாது. குழாயின் மட்டத்தை அளந்து வைஃபை வழியாய் அனுப்பும் கருவி ஒன்றை அந்த வயலின் வரப்பில் நட்டிருந்தோம்.

வயலைப் பார்க்க வந்த குடியானவர்கள், திரையில் எண் மாறுவதைக் கண்ணால் காண ஆசைப்பட்டார்கள். அவர்களுக்குத் திருப்தி உண்டாகட்டும் என்று, மணிக்கு ஒருமுறை செய்தி அனுப்பிவந்த கருவியை நிமிஷத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி மாற்றிவைத்தேன். புதுப் பாட்டரியும் போட்டேன். பிறகு பழையபடி திருப்பிவைக்க மறந்தேன். பதினோராம் நாள் இரவு பாட்டரி தீர்ந்து கருவி நின்றுவிட்டது. ஆனால் மிராசுதாருடைய கைப்பேசித் திரையில், கடைசியாய் வந்த "நீர் 3 செ.மீ." என்ற எண் அப்படியே நின்றது. அவர் சம்பந்தி வீட்டுக் கலியாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். தினமும் காலையில் திரையைப் பார்ப்பார்; நீர் இருக்கிறது என்று எண்ணி மோட்டாரை ஓட்டாமல் விட்டுவிடுவார். ஐந்து நாள் கழித்து ஊர் திரும்பியபோது வயல் வெடித்துக் கிடந்தது. அப்பொழுது பயிர் பூவில் இருந்தது. அறுவடையில் பக்கத்து வயலைக் காட்டிலும் அவ்வயலில் பதர் மிகுந்திருந்ததை எல்லோரும் கண்டார்கள்.

கருவி கெட்டுப்போகவில்லை, பாட்டரியும் போலியன்று. வயலில் நீர் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் இறங்கும். அவ்வளவு மெதுவாய் நடக்கும் ஒரு காரியத்தை நிமிஷத்துக்கு ஒருமுறை அறிய முயன்றதே தவறு. வேண்டாத வேகத்துக்கு வேண்டிய ஆயுளைக் கொடுத்துவிட்டேன்.

2. பாட்டரியைத் தின்பது எது?

செய்தி அனுப்புவதுதான் பாட்டரியைத் தின்கிறது என்று அநேகர் நினைக்கிறார்கள். இது பாதி உண்மையே. மடை காக்கும் ஆளை எண்ணிப் பாருங்கள். மண்வெட்டியால் மடையைத் திருப்புவது சில நிமிஷ வேலை. அவனை அயரச் செய்வது இராமுழுதும் கண்விழித்திருப்பதே. கம்பியில்லாக் கருவியும் அவ்விதமே. "எனக்குச் செய்தி வருமோ" என்று காது கொடுத்து விழித்திருக்கும் நேரமே பாட்டரிக்குப் பெருஞ் செலவு.

வைஃபை பொருத்திய சிறு கருவி ஒன்று விழித்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் 100 மில்லிஆம்பியர் மின்சாரம் உட்கொள்ளும். அனுப்பும் கணத்தில் இதுவே 200-க்கு மேலும் போகும். ஆழ்ந்து உறங்கும்போதோ நூறில் ஒரு மில்லிஆம்பியர், அதாவது 0.01 போதும். விழிப்புக்கும் உறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பதினாயிரம் மடங்கு. ஆகையால் கருவியின் ஆயுள், அது எத்தனை விநாடி விழித்திருக்கிறது என்பதையே முக்கியமாய்ப் பொறுத்தது.

3. கணக்குப் போட்டுப் பார்த்தல்

2500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் கருவி 5 விநாடி விழித்து, செய்தி அனுப்பிவிட்டு உறங்குவதாய் வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 60 தடவை. 300 விநாடி விழிப்பு. இது ஒரு மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 100-ஐப் பன்னிரண்டால் வகுக்க, சராசரி 8⅓ மில்லிஆம்பியர். 2500-ஐ 8⅓-ஆல் வகுக்க 300 மணி. உறக்கத்துச் செலவையும் சேர்த்து இவ்விதமே மற்றவற்றையும் கணக்கிட்டால் கிடைப்பது பின்வருமாறு:

எப்பொழுதும் விழித்திருந்தால்: 25 மணி நேரம்.
1 நிமிஷத்துக்கு ஒருமுறை: சுமார் 12 நாள்.
15 நிமிஷத்துக்கு ஒருமுறை: சுமார் 184 நாள்.
1 மணிக்கு ஒருமுறை: சுமார் 700 நாள்.

இது காகிதக் கணக்கு. வெயிலின் உஷ்ணத்தாலும், பாட்டரி தானாகவே சிறிது சிறிதாய்க் குறைவதாலும், மீதியிருக்கும் மின்சாரம் கருவியை எழுப்பப் போதாமல் போவதாலும், வயலில் இதில் பாதி கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வது உத்தமம். அப்படிக் கொண்டாலும், மணிக்கு ஒருமுறை அனுப்பும் கருவி ஒரு நெற்பயிரின் காலத்தைத் தாராளமாய்த் தாண்டும்; நிமிஷத்துக்கு ஒருமுறை அனுப்புவது இரண்டு வாரத்தைக்கூடத் தாண்டாது. மணிக்கு ஒருமுறை என்பதை இன்னும் நீட்டுவதால் ஆதாயம் அதிகமில்லை. அதற்குள் பாட்டரி தானாகவே மூப்படைந்துவிடும்.

இங்கே ஒரு சிறு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பல கருவிகளில் ஒரு சிவப்பு விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். அது 3 மில்லிஆம்பியர் தின்பதாய் வைத்தால், கருவி முழுவதும் உறங்கினாலுங்கூட அவ்விளக்கு ஒன்றே 2500 மில்லிஆம்பியர்-மணியையும் 35 நாளில் தீர்த்துவிடும். வாங்கும்போதே அவ்விளக்கை அணைக்க வழியுண்டா என்று கேட்டுக்கொள்வது நலம்.

4. வேகம் மிச்சப்படுத்துவதும் உண்டு

இதுவரை சொன்னதிலிருந்து, வேகம் என்றாலே செலவு என்று முடிவு கட்டிவிடலாகாது. வேகம் என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, எத்தனை தடவை செய்தி அனுப்புகிறோம் என்பது. மற்றொன்று, ஒரு தடவை அனுப்புகையில் அச்செய்தி எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பது. முதலாவது கூடினால் பாட்டரி குறையும். இரண்டாவது கூடினால் கருவி சீக்கிரம் வேலை முடித்து உறங்கப் போகும், பாட்டரி மிஞ்சும்.

இதற்கு நல்ல உதாரணம் லோரா என்னும் முறை. நமது நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில் அனுமதிச் சீட்டின்றி நடப்பது. தடையற்ற வெளியில் சில கிலோமீட்டர் தூரம் எட்டுவது. இதில் 7 முதல் 12 வரை ஆறு படிகள் உண்டு. 7-ஆம் படியில் விநாடிக்குச் சுமார் 5,470 பிட்டு போகும். 12-ஆம் படியில் 250 பிட்டே போகும். மெதுவான படியில் தூரம் அதிகம் எட்டும் என்பது உண்மை. ஆனால் அதே செய்தியை அனுப்ப ஏறக்குறைய இருபது மடங்கு நேரம் பிடிக்கும். பாட்டரியும் அந்த விகிதத்தில் செலவாகும். ஆகையால் வீட்டுக் கூரைவரை 8-ஆம் படி தவறாமல் எட்டுமானால், "எதற்கும் இருக்கட்டும்" என்று 12-இல் வைப்பது வீண். தூரத்துக்கேற்பத் தானே படியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கருவியில் இருந்தால் அதையே உபயோகிக்க வேண்டும்.

வைஃபையிலும் இவ்விதமே. சிக்னல் பலவீனமாயிருந்தால் செய்தி தவறிப்போய்த் திரும்பத் திரும்ப அனுப்ப நேரிடும். 5 விநாடியில் முடியும் வேலை 20 விநாடி பிடிக்குமானால், மணிக்கு ஒருமுறை அனுப்பும் கருவியின் ஆயுள், கால் மணிக்கு ஒருமுறை அனுப்புவதன் ஆயுளாய்ச் சுருங்கிவிடும். மேலே கண்ட கணக்கில் 700 நாள் 184 ஆகும். வாழைத் தோட்டத்திலும் கரும்பிலும் பச்சை இலைகளின் ஈரம் அலைகளை விழுங்கிவிடுகிறது. ஏரியலைப் பயிரின் தலைக்கு மேலே ஒரு மூங்கிலில் உயர்த்திக் கட்டுவது, பெரிய பாட்டரி வாங்குவதைவிடச் சிக்கனமான பரிகாரம். பயிர் வளர வளர மூங்கிலையும் உயர்த்த வேண்டும் என்பதை மறக்கலாகாது.

5. சாதனத்துக்குச் சாதனம் முறை வேறு

(அ) வயற்கருவிகள். மண்ணீரம், நீர்மட்டம் முதலியவற்றை அளப்பவை. இவற்றுக்கு வேகம் அநாவசியம், ஆயுளே பிரதானம். நெல் வயலுக்கு மணிக்கு ஒருமுறை போதும். தோட்டப் பயிருக்குச் சொட்டுநீர் பாயும் நேரத்தில் மட்டும் கால் மணிக்கு ஒருமுறையாக்கி, மற்ற நேரத்தில் குறைத்துவிடலாம்.

(ஆ) மொபைல் ஸ்டார்ட்டர். நாம் எப்பொழுது கூப்பிட்டாலும் இது பதில் சொல்ல வேண்டும். ஆகையால் உறங்கவிடலாகாது, மின்வாரியக் கம்பியிலிருந்தே மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே சிறு பாட்டரி உள்ள ஸ்டார்ட்டராயிருந்தால், மின்சாரம் நின்றதையும் வந்ததையும் தெரிவிப்பதற்கே அது ஏற்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, பருவம் தொடங்குமுன், மெயினை நிறுத்திவிட்டு அது செய்தி அனுப்புகிறதா என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.

(இ) காமிரா. படம் என்பது எண்ணைப்போல் சிறு செய்தியன்று. ஓயாமல் படம் அனுப்பும் காமிராவுக்குப் பாட்டரி கட்டுப்படியாகாது; மின்கம்பி உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும். சூரிய ஒளிப் பலகையுடன் வைப்பதானால், அசைவு கண்டபோது மட்டும் விழிக்கும் வகையைத் தெரிந்தெடுக்க வேண்டும். காற்றில் ஆடும் வாழையிலை அதன் பார்வையில் படாதபடி திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும் நாளெல்லாம் அது விழித்தேயிருக்கும்.

(ஈ) மடிக்கணினி. இதில் நிலைமை நேர்மாறு. கம்பியில்லாப் பகுதி உட்கொள்வது ஏறக்குறைய 1 வாட். திரையும் மற்ற உறுப்புகளும் உட்கொள்வது அதைப்போல் பல மடங்கு. ஆகையால் வைஃபையின் வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பது, கூரை ஒழுகும்போது குடத்து மூடியை இறுக்குவதற்குச் சமானம். திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதே பலன் தரும். மின்சாரம் சொருகியிருக்கும்போது கம்பியில்லாப் பகுதிக்கு முழு வேகமும் கொடுத்துவிடலாம்.

(உ) வீட்டு ரூட்டர். இது கம்பியிலிருந்து மின்சாரம் பெறுவதால் இதன் செலவைப்பற்றிக் கவலையில்லை. ஆனால் இதன் ஏற்பாடு மற்றெல்லாச் சாதனங்களின் பாட்டரியையும் பாதிக்கும். ரூட்டர் விநாடிக்குச் சுமார் பத்துத் தடவை தண்டோராப் போடுகிறது. உறங்கும் கைப்பேசி அவ்வப்போது விழித்து, தனக்கு ஏதேனும் செய்தி காத்திருக்கிறதா என்று அந்தத் தண்டோராவைக் கேட்டுவிட்டு மறுபடியும் உறங்குகிறது. விழிக்கும் இடைவெளி நீண்டால் பாட்டரி மிஞ்சும். செய்தி சற்றுத் தாமதிக்கும். வைஃபை 6 என்னும் புதிய முறையில், எந்தச் சாதனம் எப்பொழுது விழிப்பது என்று ரூட்டரும் சாதனமும் முன்னதாகவே பேசிவைத்துக்கொள்ள இடமுண்டு. வாய்க்காலில் முறை வைத்து நீர் விடுவதற்கு இது ஒப்பானது. இம்முறையின் தரவிதி 2021-ஆம் ஆண்டில் முடிவாயிற்று. ஆனால் ரூட்டர், சாதனம் ஆகிய இரண்டிலும் இவ்வசதி இருந்தாலன்றிப் பலனில்லை.

மேலும் ரூட்டர்களில் சாதாரணமாய் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டித் தூரம் போகாது. அறைக்குள்ளிருக்கும் மடிக்கணினிக்கு 5-ஐயும், களத்துமேட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் உள்ள சிறு கருவிகளுக்கு 2.4-ஐயும் ஒதுக்குவதே முறை.

6. கைப்பேசி: கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

கைப்பேசிக்கு வேகமும் வேண்டும், ஆயுளும் வேண்டும். காலையில் முழுதும் ஏற்றிய 5000 மில்லிஆம்பியர்-மணிப் பாட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகிறது என்று பயிர்களைப் பார்வையிடச் செல்லும் அலுவலர்கள் குறைப்படுவதுண்டு. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கோபுரத்தின் தூரம். தூரம் அதிகமானால் கைப்பேசி உரத்த குரலில் பேச வேண்டியிருக்கிறது. அருகிலிருந்தால் மெல்லப் பேசினால் போதும். 5ஜி சிக்னல் அரைகுறையாய்க் கிடைக்கும் கிராமங்களில் கைப்பேசி 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் 4ஜியில் நிறுத்திவைப்பதே நல்லது. படிவம் நிரப்பவும் படம் அனுப்பவும் அந்த வேகம் போதுமானது.

இரண்டாவது, படங்களை ஒவ்வொன்றாய் அனுப்புவது. ஒரு படம் போய்ச் சேர்ந்ததும் கைப்பேசி உடனே ஓய்வதில்லை. இன்னும் ஏதாவது வருமோ என்று சுமார் பத்து விநாடிவரை விழித்திருக்கும். பத்துப் படங்களைப் பத்துத் தடவையாய் அனுப்பினால் அந்த விழிப்பும் பத்துத் தடவை நேரும். பத்தையும் ஒன்றாய்ச் சேர்த்து அனுப்பினால் ஒரே தடவைதான். உபயோகிக்கும் செயலி இடங்கொடுக்குமானால், வயலில் படம் எடுத்துச் சேமித்துக்கொண்டு, மாலையில் அலுவலக வைஃபையில் மொத்தமாய் அனுப்புவது மிகவும் சிலாக்கியம்.

மூன்றாவது, சிக்னல் அறவே இல்லாத இடத்தில் கைப்பேசி கோபுரத்தைத் தேடிக்கொண்டேயிருப்பது. அங்கே விமானப் பயண நிலையில் வைத்துவிட்டால் தேடுதல் நின்றுவிடும். இந்நிலையிலும் செயற்கைக்கோள் வழியாய் இடத்தைக் குறிப்பது பெரும்பாலான கைப்பேசிகளில் நடக்கும். முதல் தடவை மட்டும் சற்றுத் தாமதிக்கலாம். ஆனால் அப்பொழுது அழைப்புகள் வரமாட்டா என்பதை மேலதிகாரிகளுக்கு முன்னதாகத் தெரிவித்துவைப்பது அவசியம்.

7. ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

(1) வாங்குமுன், "இந்தச் செய்தி ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் எனக்கு நஷ்டம் உண்டா?" என்று கேட்டுக்கொள்க. நஷ்டமில்லையெனில் ஒரு மணி இடைவெளியே வைக்க.

(2) மின்கம்பி எட்டும் இடத்தில் வேகத்தைக் கொடுக்க. எட்டாத இடத்தில் உறக்கத்தைக் கொடுக்க.

(3) பெரிய பாட்டரி வாங்குமுன் ஏரியலை உயர்த்திப் பார்க்க.

(4) பிறருக்குக் காட்டுவதற்காக இடைவெளியைக் குறைத்தால், அவர்கள் வரப்பைவிட்டு இறங்குமுன் பழையபடி திருப்பிவைக்க.

(5) திரையில் எண்ணைப் பார்க்குமுன், அது வந்த நேரத்தைப் பார்க்க. பழைய எண் பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது.

இவற்றுள் ஐந்தாவது விதியே என் மனத்தில் ஆழப் பதிந்திருப்பது. இப்பொழுது நாங்கள் அமைக்கும் கருவிகளில் செய்தி வந்த நேரமும் பாட்டரியின் நிலையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே தெரியும். மூன்று மணி நேரம் செய்தி வராவிட்டால் எண் மறைந்து, "செய்தி இல்லை, வயலைப் போய்ப் பார்க்கவும்" என்ற வாசகம் வரும்படி செய்திருக்கிறோம். மேற்சொன்ன மிராசுதார் மறு பருவத்தில் கருவியை மறுபடியும் நடச் சம்மதித்தார். ஆனால் வெளியூர் போகும் நாட்களில் மடை பார்க்க ஓர் ஆளையும் சொல்லிவைத்துவிட்டே போகிறார். அவர் செய்வது சரியென்றே நான் எண்ணுகிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பாட்டரியின் மின்சாரத்தையும் அப்படியே அளந்து போட வேண்டும்.

8. பயிற்சிக் கணக்குகள்

(க) 2500 மில்லிஆம்பியர்-மணிப் பாட்டரியுள்ள கருவி, அரை மணிக்கு ஒருமுறை 10 விநாடி விழிக்கிறது. விழிப்பில் 100 மில்லிஆம்பியர், உறக்கத்தில் 0.01 மில்லிஆம்பியர். எத்தனை நாள் நிற்கும்? (விடை: சுமார் 184 நாள், வயலில் இதில் பாதி.)

(ங) மணிக்கு ஒருமுறை 5 விநாடி விழிக்கும் கருவியில், 3 மில்லிஆம்பியர் தின்னும் விளக்கு ஓயாமல் எரிகிறது. எத்தனை நாள் நிற்கும்? (விடை: சுமார் 33 நாள். விளக்கை அணைத்தால் 700 நாள்.)

(ச) உமது நிலத்தில் உள்ள கம்பியில்லாச் சாதனங்களை ஒரு காகிதத்தில் வரிசையாய் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் செய்தி எவ்வளவு நேரம் தாமதிக்கலாம் என்று குறிக்க. பிறகு அவை இப்பொழுது எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை விழிக்கின்றன என்று பார்த்து ஒப்பிடுக.